கூடவும் இல்லை, குறையவும் இல்லை

எங்கள் கடைத்தெருவில் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டுப் போன ஒரே மனிதர் கருவிக்காரர்தான். அதனாலேயே அவர் பேச்சை இங்கே யாரும் முழுசாக நம்பவில்லை. விலையில் ஏமாறுகிறவன் மற்ற விஷயத்தில் மட்டும் விவரமாக இருப்பானா என்ன?

ஊருக்கு வெளியே மேட்டில், பூமி அசைவதைப் பதிவு செய்கிற நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ள மாற்றலாகி வந்தவர் அவர். வாடகை வீட்டுக் கட்டில் முதுகைப் பதம் பார்த்துவிட, மெத்தை வாங்க வந்தார். மெத்தைக்கடைக்காரர் வழக்கம்போல மனசில் இருந்ததற்கு மேல் பாதியை ஏற்றி ஒரு விலை சொல்லிவிட்டு, எதிராளி முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தார். எதிராளி பர்ஸைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க சார்," என்று கடைக்காரரே கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

"ஏன், விலை தப்பா?"

"தப்பில்லை. ஆனா நீங்க இப்படி எடுத்து நீட்டினா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"மெத்தைக்கடை வச்சிருக்கீங்க, தூக்கம் வராதுன்னா எப்படிங்க?"

இந்தப் பேச்சு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த கடைக்காரர் மனைவி காதில் விழுந்தது. தெருவுக்கே அவர் அக்கா. கொஞ்ச நாளாக நடுக்கத்தக்கா. ஏதோ ஒரு நாட்டில் மாடிக் கட்டடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டையாகப் படுத்துக் கிடந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. உலகத்தில் எந்த மூலையில் பூமி அசைந்தாலும் மணியடிக்கிற ஏதோ ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தார். அது ஓயாமல் அடித்தது. வாடிக்கையாளர் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து, "இன்னொண்ணு வந்துடுச்சுங்க!" என்று குரல் வரும். படுத்திருந்தவர் பதறி எழுந்துவிடுவார். வியாபாரத்துக்கு ஆகுமா இது?

"நீங்க அந்த மேட்டு ஆபீஸா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. பெரிய பெரிய நடுக்கமெல்லாம் இப்ப கூடிடுச்சா இல்லையா? இவர் இல்லைங்கறார். நான் கூடிடுச்சுங்கறேன். வாரத்துக்கு ஒண்ணு வருது."

கருவிக்காரர் கையிலிருந்த பர்ஸை மூடினார். இந்தக் கேள்விக்கென்றே பிறந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூடலம்மா. ஏழுக்கு மேல அளவு இருக்கிற பெருசுங்க, உலகம் முழுக்க வருஷத்துக்குச் சராசரியா பதினஞ்சு வரும். ஒரு வருஷம் இருபதைத் தாண்டும், ஒரு வருஷம் ஆறேழோட நின்னுடும். நூறு வருஷக் கணக்கை வச்சுப் பார்த்தா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சில சமயம் அடுத்தடுத்து வரும், அப்ப நமக்குக் கூடிட்ட மாதிரித் தோணும். முன்னே எங்கேயோ தீவுல நடந்தா நமக்குத் தெரியாது. இப்ப கருவி ஜாஸ்தி, போன் ஜாஸ்தி."

"பாத்தியா!" கடைக்காரர் துள்ளி எழுந்தார். தெருப்பக்கம் திரும்பி, எதிர்க்கடையைப் பார்த்துக் கைதட்டினார். "அண்ணே, கேட்டீங்களா? ஆபீஸ்காரரே சொல்லிட்டார், கூடலையாம்!"

கருவிக்காரர் இன்னும் முடிக்கவில்லை. அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையின் முன்பக்கத்தை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணாடி. நடுவில் இரண்டு ஒல்லித் தூண்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று தூணைச் சுற்றித் தலையணைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இங்க சுவர் ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார். ரெண்டு சுவர். கடையை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, எடுத்துட்டோம். இப்ப ரோட்டுலேருந்து பாத்தாலே மெத்தை தெரியும்."

"மேல எத்தனை மாடி?"

"ரெண்டுதான் சார். முன்னாடி ரூம் பொண்ணோடது, நல்ல காத்து வரும்."

"நடுக்கம் கூடல," என்றார் கருவிக்காரர் மெதுவாக. "பூமி அது பாட்டுக்கு எப்பவும் போலத்தான் இருக்கு. நீங்கதான் மேல மாடியை ஏத்திட்டு, கீழ தாங்குறதை எடுத்துட்டீங்க. நான் சொன்ன பதினஞ்சுல ஒண்ணு கூட இங்க வர வேணாம். அந்தக் கணக்குல சேராத நடுத்தரமான ஒண்ணு, கிட்டத்துல வந்தா, இந்தக் கீழ்த்தளம் முழங்கால் மடங்கின மாதிரி உக்காந்துடும். மத்ததெல்லாம் அது மேல."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரோ, அப்போது எதிர்க்கடைக்காரரிடம் முதல் பாதியைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் எந்தப் பேச்சையும் இப்படித்தான் வாங்குவார்கள். முழுச் சரக்கையும் பார்த்து, தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மீதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. கூடலையாம். தெருவுக்கே பெரிய நிம்மதி. ஏனென்றால் சுவரை எடுக்காத கடை எங்கள் தெருவில் எதுவும் கிடையாது. ஒருத்தர் எடுத்தால் பக்கத்துக் கடை இருட்டாகத் தெரியும். அப்புறம் அவரும் எடுக்க வேண்டியதுதான்.

அக்கா மறுநாளே ஆரம்பித்தார். "சுவரைத் திரும்பக் கட்டுங்க."

"கட்டினா கடை குகை மாதிரி ஆயிடும். குகையில யார் மெத்தை வாங்குவா? கரடியா?"

"ஒரு சுவராவது."

"ஒரு சுவர்னு ஆரம்பிப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

இப்படியே இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் அது வந்தது. பெரிசாக ஒன்றும் இல்லை. லாரி ஒன்று வீட்டுக்குள்ளேயே புகுந்து போனது போல ஒரு உறுமல். தொங்கிக்கொண்டிருந்த தலையணைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. வெளியே ஓடி வந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போனோம். டீக்கடையில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. தெருவுக்கு ஏற்பட்ட நஷ்டம் அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டோம்.

மெத்தைக்கடையில் மட்டும் இன்னொன்று நடந்திருந்தது. வலப்பக்கத் தூணின் தலைமாட்டில், கூரையைத் தொடுகிற இடத்தில், குறுக்காக ஒரு விரிசல். சின்ன விரல் நுழையாது, ஆனால் நகம் நுழையும். அக்கா ஸ்டூல் போட்டு ஏறி நகத்தை நுழைத்தே பார்த்தார். கடைக்காரர் அதற்கு மேல் இன்னொரு வரிசைத் தலையணையைத் தொங்கவிட்டார்.

ஆனால் அவரும் கல் மனசுக்காரர் இல்லை. யாருக்கும் சொல்லாமல், மகளுடைய கட்டிலை முன்னறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் சமையலறையில் போட்டவர் அவர்தான். மகள் கேலி பேசுவதில் அப்பனை விழுங்கியவள்.

"ஏன்ப்பா, கூடலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. என் கட்டில் மட்டும் ஏன் நகருது?"

"அங்க எலி வருது."

"எலி எத்தனை ரிக்டர்ப்பா?"

அன்று சாப்பிட்டு முடித்ததும் அக்கா கையைக் கழுவிக்கொண்டே தன் கடைசி வார்த்தையைச் சொன்னார். "ஒண்ணு சுவரைக் கட்டுங்க. இல்லைன்னா இந்த வீட்டை விட்டுப் போகலாம். இவளை இங்க தூங்க வச்சுட்டு என்னால முழிச்சுக்கிட்டே இருக்க முடியாது."

கடைக்காரர் கொஞ்ச நேரம் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. வித்துடலாம்," என்றார்.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒற்றைத் தளத்தில், நாலு பக்கமும் சுவர் உள்ள ஒரு வீடு. கடைக்கு வேறு இடம். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவர் நினைக்கவே இல்லை. கேட்ட விலை உடனே கிடைத்தால் எங்கோ இடிக்கிறது என்று எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சந்தோஷத்தில் அக்காவுக்கு அது அந்த நேரம் மறந்துபோனது.

வாங்க வந்தவர் விளக்குக்கடைக்காரர். தெருக்கோடியில் இடுக்கான ஒரு கடையில் சரவிளக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே வருகிறவர்களைக் குனிந்து வரச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்கு அந்தக் கண்ணாடி முகப்பின் மேல் வெகு நாளாக ஒரு கண். ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. சின்னவன் கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு ஸ்பிரிங் மெத்தையில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தான்.

மெத்தைக்கடைக்காரர் அன்றைக்குத் தன் முழுத் திறமையையும் காட்டினார். "ஊருல என்னென்னமோ பேசறாங்க தம்பி. நான் நேரா ஆபீஸ்காரர் வாயாலேயே கேட்டுட்டேன். நூறு வருஷமா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் விலையும் அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் சின்னவன் குதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய ஒவ்வொரு குதிப்புக்கும் தலையணைகள் லேசாக ஆடின.

விளக்குக்கடைக்காரர் மனைவியை அக்கா மாடிக்குக் கூட்டிப் போனார். நல்ல பெண். அக்காவிடம் மரியாதையாகப் பேசுவாள், முறைக்குத் தங்கச்சி. முன்னறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்து பார்த்து, "அய்யோ, எவ்வளவு வெளிச்சம்! பசங்களுக்கு இந்த ரூம்தான்," என்றாள்.

"இந்த வீட்டை வாங்காதே," என்றார் அக்கா.

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அதுவரை இருந்த வெளிச்சம் போய், வேறொரு வெளிச்சம் வந்தது. தராசைப் பார்க்கிற கண்.

"ஏன்க்கா? வேற யாராவது கேக்குறாங்களா?"

"யாரும் கேக்கல. கீழ சுவர் இல்ல. தூண் விட்டிருக்கு. வா, காட்டறேன். பெருசா ஒண்ணும் வர வேணாம், சுமாரா ஒண்ணு வந்தாலே இது நிக்காது. இந்த ரூம் நேரா கடை மேல இருக்கு. நான் என் பொண்ணையே இங்க படுக்க விடல."

இங்கே எங்கள் தெருவின் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புகழ்ந்து விற்பது கற்றுக்குட்டிகளின் வேலை. கைதேர்ந்தவர்கள் பழித்து விற்பார்கள். "இது உங்களுக்கு வேணாம்மா, விடுங்க, ரெண்டு வருஷத்துல அமுங்கிடும்" என்று ஒரு மெத்தையைக் காலால் தள்ளினால் போதும், வாங்க வந்தவருக்கு அந்த மெத்தையைத் தவிர வேறு எதிலும் தூக்கம் வராது. ஏதோ நல்ல சரக்கை இவன் ஒளிக்கிறான், வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறான் என்று மனசு சொல்லும். கல்யாணமான புதிதில் அக்கா கடையில் உட்கார்ந்தபோது இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முகத்தில் ஒரு கவலையை வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், கூடப்பிறந்தவளிடம் சொல்வது போல, "வேணாம்மா" என்பார். சுமாரான மெத்தைகளெல்லாம் அந்த ஒரு சொல்லில் விலை போயின. தெருவில் பாதிப் பேர் அக்காவிடம் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அதே கவலைதான் இப்போதும் அவர் முகத்தில் இருந்தது. அதே குரல்தான்.

"அக்கா, நீங்க பெரிய ஆளு," என்றாள் தங்கச்சி பாராட்டுகிற மாதிரி.

"நான் விளையாடலடி."

"தெரியும்க்கா, தெரியும்."

அக்கா சட்டென்று போனை எடுத்துக் கருவிக்காரரைக் கூப்பிட்டார். "நீ நம்ப வேணாம். படிச்சவர் சொல்வார், கேளு." ஸ்பீக்கரில் போட்டார். "சார், நான் மெத்தைக்கடை. இந்தப் பொண்ணு எங்க வீட்டை வாங்கப் போறா. நடுக்கத்தைப் பத்தி அன்னிக்கு சொன்னீங்களே, அதை இவகிட்ட சொல்லுங்க."

கருவிக்காரர் உண்மையை வரிசை மாறாமல் சொல்கிற மனிதர். "முதல்ல ஒண்ணைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும்மா," என்று ஆரம்பித்தார். "பெரிய நடுக்கங்கள் கூடலை. அந்தப் பயம் தேவையே இல்லை. வருஷத்துக்குச் சராசரியா—"

தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அக்கா பக்கமே தள்ளிவிட்டாள். "போதும்க்கா. உங்க ஆளே உங்களைக் காட்டிக் கொடுத்துட்டார்."

"முழுசாக் கேளுடி! இன்னும் இருக்கு!"

"முழுசாக் கேட்டாலும் அவர் உங்க வாடிக்கைதானே அக்கா? எங்க வீட்டுக்காரர் சொன்னார், மெத்தை வாங்கினாராம். நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லுவார்."

போனுக்குள் கருவிக்காரர் பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் எங்கோ பேசிக்கொண்டே இருந்தார். தூணைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தபோது தங்கச்சி படியிறங்கிவிட்டாள். விரிசலைக் காட்ட அக்கா பின்னாலேயே ஓடினார், தலையணைகளை விலக்கினார். விளக்குக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பூச்சு விட்டிருக்கு, பூசிக்கலாம்," என்றார்.

அன்று சாயங்காலம் மெத்தைக்கடைக்காரர் மாடிக்கு வந்தார். அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த நாளில் பார்த்தது போல ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன சொன்ன அவகிட்ட?"

"வாங்காதேன்னு சொன்னேன். திட்டணும்னா திட்டுங்க."

"திட்டறதா? உன்னை வச்சுக் கும்பிடணும்." அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "அவன் ஏத்திட்டான்! நான் கேட்டதுக்கு மேலேயே போயிட்டான். இத்தனை வருஷம் கழிச்சும் கை விட்டுப் போகல பாரு உனக்கு."

"நான் நிஜமாத்தான் சொன்னேங்க."

"அதுதானே அழகு! நிஜமாச் சொன்ன மாதிரியே சொன்னியாம். அவ புருஷன்கிட்ட போய்ச் சொல்லியிருக்கா, அக்கா கண்ணுல தண்ணியே வந்துடுச்சுன்னு."

அக்காவுக்கு மறுபடியும் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்காரர் அதையும் ரசித்தார்.

வீடு இருவர் பேரிலும் இருந்தது. அக்கா கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. அவர் இறுதியாக ஒரு நிபந்தனை போட்டார். சுவரைக் கட்டிக் கொடுத்துத்தான் விற்பேன். கீழே இரண்டு சுவரும் நின்ற பிறகுதான் பேனாவைத் தொடுவேன்.

கடைக்காரர் அதை அப்படியே கொண்டு போய்ச் சொன்னார். விளக்குக்கடைக்காரர் பதறிப்போய்விட்டார். சுவர் வைத்தால் அவருடைய விளக்கு எப்படித் தெரியும்? அவர் அந்தக் கண்ணாடிக்காகத்தானே வாங்குகிறார்? மூலையில் மிச்சமிருக்கிற துண்டுச் சுவரையும் எடுத்துவிட்டு அங்கே பெரிய சரவிளக்கு ஒன்றைத் தொங்கவிடுவதாக அல்லவா இருந்தார்? மெத்தைக்கடை அக்கா எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடிக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டோம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நினைக்காமல் என்ன செய்வது? விற்கிறவர் வாயிலிருந்து உண்மை வந்து நாங்கள் பார்த்ததில்லை.

அக்கா தானே விளக்குக்கடைக்குப் போனார். பட்டப்பகல், கடைக்குள் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் கண் கூசியது. விளக்குக்கடைக்காரர் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், குளிர்ந்த தண்ணீர் வாங்கி வரச் சொன்னார்.

"தம்பி," என்றார் அக்கா. தண்ணீரைத் தொடவில்லை. "உன் பிள்ளைங்க ரெண்டும் என் கண்ணு முன்னாடியே நிக்குது. உனக்கு எந்தக் கடவுள் மேல நம்பிக்கையோ, அந்தக் கடவுள் மேல சத்தியமாச் சொல்றேன். கடையை வேணா கீழ வச்சுக்கோ, மேல குடியிருக்காதே. எனக்கு உன் பணம் வேணாம்."

எங்கள் தெருவில் "பணம் வேணாம்" என்று யாரும், எந்தப் பேரத்திலும், எந்தக் கட்டத்திலும் சொன்னதில்லை.  இப்படி ஒரு ஆட்டத்தை விளக்குக்கடைக்காரர் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். இதுக்கு மேல ஏத்தாதீங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"தம்பி, நான்—"

"சரி அக்கா, சரி. உங்களுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தரேன். இதோட முடிச்சுக்கலாம்."

அக்கா எழுந்து வந்துவிட்டார். தெரு முழுக்க நடந்து வந்தபோது கடைகளின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செருப்புக்கடை, பாத்திரக்கடை, துணிக்கடை. எல்லாவற்றுக்கும் மேலே மாடி. எல்லா மாடியிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. பாத்திரக்கடை மாடியில் யாரோ ஒரு பெண் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கையசைத்தாள்.

வீட்டில் கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா வருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் தணிந்த குரலில், ஆசையோடு. "ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லு. அப்புறம் உன்னை நான் எதுவும் கேக்க மாட்டேன்."

 அக்கா மேலே போய்ச் சமையலறையில் மகள் கட்டிலில் உட்கார்ந்தார். மகள் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடினாள்.

"நான் போய்க் கத்தட்டுமாம்மா? தெரு நடுவுல நின்னு?"

"கத்தினா?"

மகள் யோசித்தாள். "அம்மா நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு சொல்வாங்க."

"நீ சொல்லு. நான் கையெழுத்துப் போடலைன்னா என்ன ஆகும்?"

"நாம இங்க தூங்குவோம்."

"போட்டா?"

"அவங்க தூங்குவாங்க." அவள் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யாராவது தூங்கத்தான்மா போறாங்க."

"அப்பா சுவரைக் கட்டிட்டா?"

"கட்டமாட்டார்மா. கட்டினா கடை ஓடாது. அது உங்களுக்கும் தெரியும்." மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான்மா இருக்கு. நான் எலியைப் பத்திப் பேசறது சும்மா."

அக்கா மகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். தன் மகளா, அடுத்தவள் பிள்ளைகளா என்று அவர் முன்னால் ஒரு தராசு வந்து நின்றது. அந்தத் தராசில் எந்தப் பக்கம் தாழும் என்று எந்தத் தாயிடமும் கேட்க வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. விளக்குக்கடைக்காரர் மட்டும் அந்த மௌனத்தைக் கண்டு பயந்து, வண்டிச் செலவையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

சாமான்களை ஏற்றிய நாள் காலையில் அக்கா சாவியைக் கொடுக்க மாடிக்குப் போனார். விளக்குக்கடைத் தங்கச்சி அறை அறையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வியாபாரம் இவ்வளவு நன்றாக முடிந்த சந்தோஷத்தில் மெத்தைக்கடைக்காரர் பிள்ளைகளுக்கென்று இரண்டு சின்ன மெத்தைகளைக் கொசுறாகக் கொடுத்திருந்தார். நல்ல நுரை மெத்தை, பூப்போட்ட உறை. அவற்றைத் தலையில் சுமந்துகொண்டு கடை ஆட்கள் இரண்டு பேர் படியேறி வந்தார்கள்.

"எந்த ரூம்லம்மா போடறது?"

"பின்னாடி," என்றார் அக்கா. "பின்னாடி ரூம்ல போடுங்க."

"முன்னாடி ரூம்ணே," என்றாள் தங்கச்சி.

ஆட்கள் நின்றார்கள். அக்கா தங்கச்சியின் கையைப் பிடித்தார். "சாவி உன் கையில கொடுத்தாச்சு. இனிமே இதுல எனக்கு ஒண்ணும் கிடையாது. இப்பவாவது கேளு. பிள்ளைங்களை முன்னாடி படுக்க வைக்காதே."

தங்கச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். எந்த வன்மமும் இல்லாத சிரிப்பு. தோற்றவள் ஜெயித்தவளைப் பார்த்து மனசாரச் சிரிக்கிற சிரிப்பு.

"அக்கா, வியாபாரம்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் யாருக்காகக்கா இதெல்லாம்?"

கீழே மெத்தைக்கடைக்காரர் வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். பெரியவளும் சின்னவனும் அக்காவைத் தாண்டிக்கொண்டு முன்னறைக்குள் ஓடினார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று அவர்களுக்குள் சண்டை ஆரம்பித்தது. ஆட்கள் மெத்தைகளை இறக்கி, ஒன்றை ஜன்னலோரமும் மற்றதை அதை ஒட்டியும் போட்டார்கள். தங்கச்சி குனிந்து உறையின் சுருக்கங்களை நீவிவிட்டாள்.